பிக்கப் வாகனத்திற்கு எந்த எஞ்சின்: டீசலா, பெற்றோலா?

விளைந்த பொருள் சந்தையை அடையும் வரையும் அது கமக்காரரின் உழைப்பாக இருக்கிறதேயன்றி வருவாயாக மாறுவதில்லை. நெல்லை உலர்த்திக் களஞ்சியத்தில் வைத்துக் காக்கலாம். கத்தரி, தக்காளி, கீரை, லீக்ஸ் முதலியவற்றை அவ்வாறு காத்தல் இயலாது. விடியற்காலையில் சந்தையில் இறக்காவிடின் விலை விழும். ஒரு நாள் பிந்தினாற் பொருளே பழுதாகும். இக்காரணத்தால் மரக்கறிச் செய்கையாளர் பலர் வாடகை வண்டியை எதிர்பார்த்து வேலியோரம் நிற்பதிலும், தமக்கென ஒரு பிக்கப் வாகனத்தையோ, 'பட்டா' என்று வழங்கப்படும் சிறு லொறியையோ வாங்கிக்கொள்ள விரும்புகின்றனர். இவ்விருப்பம் நியாயமானதே. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதன் பின்னர், எதை வாங்குவது என்ற கேள்வியும் புதிதாக எழுந்துள்ளது.

வாங்க எண்ணுபவர் முதலிற் கேட்கும் கேள்வி, டீசல் எஞ்சினா பெற்றோல் எஞ்சினா என்பதாகும். ஊரிலே இதற்கு உடனே கிடைக்கும் விடையும் ஒன்றுதான்: "டீசலை வாங்கு, அது மலிவு, அதற்கே இழுவை உண்டு." இவ்விடை வியாபாரிக்குப் பொருந்தும், லொறிச் சொந்தக்காரருக்கும் பொருந்தும். ஆனால் ஓரிரு ஏக்கரிற் பயிர்செய்து, அண்மையிலுள்ள சந்தைக்கு வாரத்தில் இரண்டு நாள் செல்லும் கமக்காரருக்கு அது பொருந்தாது என்பதே நமது கருத்து. எஞ்சினைத் தெரிவு செய்யவேண்டியது எரிபொருள் நிலையத்து விலைப்பலகையைப் பார்த்தன்று. வாகனம் ஓர் ஆண்டில் ஓடும் தூரத்தையும், அது சுமக்கும் பாரத்தையும் பார்த்தே தெரிவு செய்தல் வேண்டும். இக்கருத்துக்கான காரணங்களைக் கீழே ஒவ்வொன்றாகத் தருகின்றோம்.

இரு எஞ்சின்களும் வேலை செய்யும் முறை

இன்று பெற்றோல் வாகனங்களில் வழங்கும் நான்கு வீச்சு எஞ்சினை ஜெர்மனி தேசத்தவரான நிக்கொலாஸ் ஒட்டோ என்பவர் 1876ஆம் ஆண்டில் ஓட்டிக் காட்டினார். அதே தேசத்தவரான ருடொல்ஃப் டீசல் என்பவரின் எஞ்சின் 1897ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயங்கியது. இவ்விரண்டிற்கும் உள்ள அடிப்படை வேற்றுமையை அறிந்துகொண்டாற் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

பெற்றோல் எஞ்சினிலே காற்றும் பெற்றோலும் கலந்த கலவை சிலிண்டரில் நெருக்கப்பட்டு, 'பிளக்' தரும் தீப்பொறியாற் பற்றவைக்கப்படுகின்றது. டீசல் எஞ்சினிலே பிளக் தரும் தீப்பொறி இல்லை. காற்று மாத்திரமே சிலிண்டரினுள் எடுக்கப்பட்டு, அதன் கனவளவு ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கிற்கும் இருபதில் ஒரு பங்கிற்கும் இடைப்பட்ட அளவாகும்வரை நெருக்கப்படுகின்றது. அவ்வாறு நெருக்கப்பட்ட காற்று 500 பாகை சென்ரிகிரேட்டுக்கு மேலாகச் சூடேறும். அச்சூட்டிலே டீசல் நுண்ணிய துளிகளாகப் பீச்சப்பட்டதும் தானாகவே பற்றிக்கொள்ளும்.

இதிலிருந்து இரண்டு பயன்கள் பிறக்கின்றன. ஒன்று, காற்றை அதிகமாக நெருக்கும் எஞ்சின் எரிபொருளின் வெப்பத்திற் கூடிய பங்கை வேலையாக மாற்றுகின்றது. அன்றியும், ஒரு லீற்றர் டீசலில் அடங்கிய வெப்பம் ஒரு லீற்றர் பெற்றோலில் உள்ளதிலும் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் அதிகமாகும். ஆதலால் ஒத்த அளவுள்ள இரு வாகனங்களில், டீசல் வாகனம் லீற்றர் ஒன்றுக்குக் கூடிய தூரம் ஓடும். மற்றது, டீசல் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே பலமாக இழுக்கும். பாரத்துடன் மேடேறுவோர் இதை நன்கு அறிவர்.

இப்பயன்களுக்கு விலையும் உண்டு. அவ்வளவு நெருக்கத்தைத் தாங்குவதற்கு எஞ்சினின் உடல் தடிப்பாகவும் பாரமாகவும் அமைதல் வேண்டும். எரிபொருளைப் பீச்சும் பம்பும், 'இன்ஜெக்டர்' என்னும் பீச்சுமுனைகளும் மயிரிழையிலும் நுண்ணிய இடைவெளி உடையனவாகக் கடையப்படுகின்றன. ஆகவே டீசல் வாகனம் வாங்கும்போதும் விலை கூடியது. இப்பகுதிகள் பழுதாயின் திருத்தும் செலவும் கூடியது. டீசல் மிச்சம் தருகின்றது என்பது மெய்யே. அம்மிச்சத்தைப் பெறுவதற்கு முன்கூட்டியே பணம் கட்டவேண்டும் என்பதும் அதேயளவு மெய்யாகும். கட்டிய பணம் திரும்பி வருமளவுக்கு நமது வாகனம் ஓடுமா என்பதே கேள்வி.

விலைப்பலகை நிலையாக நிற்பதன்று

டீசல் எப்போதும் பெற்றோலிலும் மலிவு என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. நீண்டகாலம் அவ்வாறு இருந்ததே இதற்குக் காரணம். ஆயினும் 2021ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் வரை, ஓராண்டுக்கும் குறைந்த காலத்தில் நிகழ்ந்த மாற்றங்களை நினைவுகூர்க.

2021 டிசம்பரில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. ஓட்டோ டீசல் 121 ரூபா. வித்தியாசம் 56 ரூபா. 2022 ஜூன் இறுதியிற் பெற்றோல் 470 ரூபா. டீசல் 460 ரூபா. வித்தியாசம் வெறும் 10 ரூபாவாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபர் நடுப்பகுதியிற் பெற்றோல் 370 ரூபாவாக இறங்க, டீசல் 415 ரூபாவில் நின்றது. மலிவான எரிபொருள் எனப் பேர்பெற்றது பெற்றோலிலும் 45 ரூபா கூடியதாயிற்று. ஒரு வாகனத்தை நாம் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வைத்திருக்கின்றோம். விலைப்பலகையோ பத்து மாதத்தில் தலைகீழாகப் புரண்டது. அத்தகைய பலகையை நம்பி எஞ்சினைத் தெரிவு செய்தல் காற்றின் திசையை நம்பி வரம்பு கட்டுவதை ஒக்கும்.

இனி, இம்மூன்று காலத்து விலைகளையும் வைத்து ஒரு கணக்குப் பார்ப்போம். உதாரணத்திற்காக, ஒரு சிறு பெற்றோல் வாகனம் லீற்றருக்கு 12 கிலோமீற்றரும், அதையொத்த டீசல் வாகனம் 16 கிலோமீற்றரும் ஓடுவதாகக் கொள்வோம். 2021 டிசம்பர் விலைப்படி ஒரு கிலோமீற்றருக்குப் பெற்றோற் செலவு 14 ரூபா 75 சதம். டீசற் செலவு 7 ரூபா 56 சதம். மிச்சம் 7 ரூபா 19 சதம். 2022 ஜூன் விலைப்படி பெற்றோலுக்கு 39 ரூபா 17 சதமும் டீசலுக்கு 28 ரூபா 75 சதமும் செலவாகும். மிச்சம் 10 ரூபா 42 சதம். 2022 ஒக்டோபர் விலைப்படி பெற்றோலுக்கு 30 ரூபா 83 சதம், டீசலுக்கு 25 ரூபா 94 சதம். மிச்சம் 4 ரூபா 89 சதம்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. இரு எரிபொருள்களுக்கும் இடையே 56 ரூபா வித்தியாசம் இருந்த காலத்திலும், 10 ரூபா வித்தியாசம் மாத்திரம் இருந்த காலத்திலேயே டீசல் வாகனம் கூடிய மிச்சத்தைத் தந்தது. எரிபொருள் மிகவும் விலையேறும்போது லீற்றருக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்பதே பெரிதாகின்றது. பலகையிற் காணும் வித்தியாசம் சிறிதாகின்றது. டீசலின் விலை பெற்றோலின் விலையை மிஞ்சியபோதும் டீசல் வாகனம் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 5 ரூபாவை மிச்சப்படுத்தியது. எனவே விலைப்பலகையிலுள்ள வித்தியாசத்தைக் கொண்டு மாத்திரம் டீசலைப் புகழ்வதும் தவறு; இகழ்வதும் தவறு.

வட்டியும் தூரமும்

கிலோமீற்றருக்கு மிச்சம் உண்டெனின், டீசலை வாங்கினால் என்ன எனக் கேட்கலாம். விடை வட்டியில் இருக்கின்றது.

ஒத்த வயதும் ஒத்த நிலையுமுள்ள இரு வாகனங்களில், டீசல் வாகனம் 5 இலட்சம் ரூபா கூடியது என வைத்துக்கொள்வோம். அதை விற்கும்போதும் டீசல் வாகனத்திற்குக் கூடிய விலை கிடைக்கக்கூடும். ஆதலால் அந்த 5 இலட்சமும் நட்டம் எனக் கணக்கிடுதல் நீதியன்று. அதற்கான வட்டியை மாத்திரம் கணக்கிடுவோம். நூற்றுக்கு 15 வட்டியாயின் ஆண்டொன்றுக்கு 75,000 ரூபா. வாகனம் ஓடினாலும் கொட்டிலில் நின்றாலும் இவ்வட்டி நிற்பதில்லை. கைப்பணங் கொண்டு வாங்கினாலும், அப்பணம் வேறு வழியிற் பெற்றுத்தரக்கூடிய வருவாயை இழந்தவராவோம்.

இந்த 75,000 ரூபாவை எரிபொருள் மிச்சத்தால் ஈடுசெய்வதற்கு வாகனம் எவ்வளவு தூரம் ஓடவேண்டும்? 2021 டிசம்பர் விலைப்படி ஏறக்குறைய 10,400 கிலோமீற்றர். 2022 ஜூன் விலைப்படி 7,200 கிலோமீற்றர். 2022 ஒக்டோபர் விலைப்படி 15,300 கிலோமீற்றர். இவை ஓர் ஆண்டுக்குரிய தூரங்கள்.

இப்போது நமது கமக்காரரின் ஓட்டத்தைப் பார்ப்போம். தோட்டத்திலிருந்து மருதனார்மடத்துச் சந்தையோ, சுன்னாகத்துச் சந்தையோ, வேறு யாதேனும் சந்தையோ 15 கிலோமீற்றர் தூரத்திலுள்ளது எனக் கொள்வோம். போய்வர 30 கிலோமீற்றர். வாரத்தில் இருமுறை சென்றால் ஆண்டில் 104 ஓட்டம். மொத்தம் 3,120 கிலோமீற்றர். உரம், விதை, கிருமிநாசினி வாங்கவும், வீட்டுக் கருமங்களுக்கும் ஓடும் தூரத்தைச் சேர்த்து இதனை இருமடங்காக்கினும் 6,240 கிலோமீற்றரே ஆகும். மேலே கூறிய மூன்று விலைகளில் எதை எடுத்தாலும் வட்டிக்குரிய தூரத்தை இவ்வாகனம் எட்டவில்லை. 3,120 கிலோமீற்றர் மாத்திரம் ஓடுபவர், டீசலுக்கு மிக வாய்ப்பான 2022 ஜூன் விலையிலும் 32,500 ரூபா அளவே மிச்சம் பிடிப்பார். வட்டியாக இழப்பதோ 75,000 ரூபா.

மறுபக்கத்தையும் நோக்குவோம். யாழ்ப்பாணத்திலிருந்து தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு ஏறக்குறைய 250 கிலோமீற்றர். வாரத்தில் ஒருமுறை போய்வரும் வாகனம், ஆண்டில் 50 வாரம் ஓடினால், 25,000 கிலோமீற்றர் ஓடும். டீசலுக்கு மிகக் குறைந்த மிச்சமிருந்த 2022 ஒக்டோபர் விலையிலும் அது 1,22,000 ரூபாவுக்கு மேல் மிச்சம் தரும். இத்தகையோர் டீசல் வாகனத்தை ஐயமின்றி வாங்கலாம்.

எனவே முடிவைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம். ஆண்டில் 7,000 கிலோமீற்றருக்குக் குறைவாக ஓடுபவருக்குப் பெற்றோல் வாகனமே தக்கது. 15,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடுபவருக்கு டீசல் வாகனமே தக்கது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவர் பாரத்தையும் பாதையையும் பார்த்து முடிவு செய்க. விலை வித்தியாசமும் வட்டி வீதமும் காலத்துக்குக் காலம் மாறுவன. ஆதலால் நாம் தந்த எண்களுக்குப் பதிலாக வாங்கும் நாளிலுள்ள எண்களை இட்டு, இதே கணக்கைச் செய்துகொள்ளுதல் வேண்டும். எண்கள் மாறலாம்; கணக்கின் வழி மாறாது.

உழவு இயந்திரத்தைப் பார்த்து வாகனம் வாங்கலாகாது

"உழவு இயந்திரம் டீசலில் ஓடுகிறது, லான்ட்மாஸ்ரரும் டீசலில் ஓடுகிறது, பிக்கப்பும் டீசலாக இருக்கட்டும்" என்று கூறுவோர் உளர். உழவு இயந்திரத்தின் வேலை வேறு. அது வயலில் இறங்கினால் மணிக்கணக்காக ஒரே சீராகப் பாரம் இழுக்கின்றது. டீசல் எஞ்சின் பிறந்ததே அத்தகைய வேலைக்காகத்தான். சந்தைக்குச் செல்லும் சிறு வாகனமோ அரைமணி நேரம் ஓடி, நாலைந்து மணி நேரம் நின்று, வெறுமையாக வீடு திரும்புகின்றது. அடுத்த இரு நாட்களும் கொட்டிலில் நிற்கின்றது. இது பெற்றோல் எஞ்சினுக்கு ஏற்ற வாழ்க்கையாகும்.

அன்றியும், புதிய டீசல் வாகனங்கள் சிலவற்றிற் கரிப்புகையைத் தடுக்கும் வடிகட்டி புகைக்குழாயிற் பொருத்தப்பட்டுள்ளது. நீண்டதூரம் சூடாக ஓடினாலே அதிற் படிந்த கரி எரிந்து நீங்கும். குறுகிய ஓட்டத்திலே அது அடைபட்டு, பெருஞ் செலவை உண்டாக்கும். இத்தகைய வாகனத்தைத் தோட்டத்துக்கும் சந்தைக்கும் இடையில் மாத்திரம் ஓட்டுதல் அதற்குச் செய்யும் தீங்காகும்.

இருவகை இயந்திரத்துக்கும் ஒரே எரிபொருள் என்பது வசதியே. ஆனால் அவ்வெரிபொருள் தட்டுப்படும் நாளில் வயலும் சந்தையும் ஒருங்கே நின்றுவிடும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். எனினும், பங்கீட்டுக் காலத்தில் டீசலுக்கு ஓர் அனுகூலம் உண்டென்பதை மறைக்கலாகாது. 2022 ஓகஸ்டு முதல் 2023 ஓகஸ்டு இறுதிவரை நடைமுறையில் இருந்த கியூ.ஆர். முறையில் எரிபொருள் லீற்றர் கணக்கிலேயே அளந்து கொடுக்கப்பட்டது. லீற்றருக்குக் கூடிய தூரம் ஓடும் வாகனம் அக்காலத்திற் கூடிய நாட்கள் ஓடியிருக்கும்.

நெற்செய்கையாளருக்கு ஒரு சொல். பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் நெல் ஏற்றும் நாட்கள் ஆண்டில் மிகச் சிலவே. அந்நாட்களின் பாரத்தை மனத்திற்கொண்டு பெரிய டீசல் வாகனத்தை வாங்கி, எஞ்சிய நாட்களில் அதற்கு வட்டி கட்டுவது பொருத்தமன்று. அறுவடைக் காலத்துக்கு உழவு இயந்திரப் பெட்டியை வாடகைக்கு அமர்த்துவதே சிக்கனம்.

பாரமும் பாதையும்

யப்பான் தேசத்திலிருந்து வரும் 660 கனசென்ரிமீற்றர் பெற்றோற் சிறு லொறிகள் 350 கிலோகிராம் பாரத்திற்காக அமைக்கப்பட்டவை. நாளொன்றுக்கு ஐந்தாறு மூட்டை மரக்கறி கொண்டுசெல்பவருக்கு அது போதுமானது. ஆயினும் அதே வாகனத்தில் ஒரு தொன் ஏற்ற முற்பட்டால், எஞ்சின் எப்போதும் முழு மூச்சுடன் ஓடி, எரிபொருளை விழுங்கும். கிளச்சும் தடையும் விரைவில் தேய்ந்துபோம். தினமும் முக்கால் தொன்னுக்கு மேல் ஏற்றுபவர், ஓடும் தூரம் 10,000 கிலோமீற்றர் அளவாக இருப்பினும், டீசலையே நாடுதல் நன்று.

மலைநாட்டிலே லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு பயிரிடுவோருக்கு மற்றுமொரு காரணமும் உண்டு. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ளது. உயரத்திலே காற்று மென்மையாகின்றது. ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் சாதாரண எஞ்சின் தன் வலுவிற் பத்திலொரு பங்களவை இழக்கும். 'டர்போ' என்னும் காற்றூட்டி பொருத்திய எஞ்சின் இக்குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்யும். இன்றைய பிக்கப் டீசல் எஞ்சின்களிற் பெரும்பாலானவற்றில் இக்காற்றூட்டி உண்டு. ஆகவே பாரத்துடன் மலைப்பாதையில் நாள்தோறும் ஏறுபவருக்கு நாம் மேலே கூறிய தூரக் கணக்கைச் சற்றுத் தளர்த்தலாம். எந்த எஞ்சினாயினும், பாரத்துடன் இறங்கும்போது, ஏறுவதற்குப் பயன்படுத்திய கியரிலேயே இறங்குக. தடையை மாத்திரம் நம்பி இறங்குதல் உயிருக்கு ஆபத்தாகும்.

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு முதலிய சமதரைப் பகுதிகளில் இக்காரணம் இல்லை.

எரிபொருளும் பராமரிப்பும்

1990ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட சில ஆண்டுகளில், வடபகுதியில் எரிபொருட் தடை நிலவிய காலத்தில், பழைய பெற்றோற் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சில துளி பெற்றோலினால் இயக்கப்பட்டு, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடியமையைப் பலர் அறிவர். அதற்கும் முன்னே, 1900ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரத்துக் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது. இவற்றைக் கொண்டு எஞ்சின் எதையும் குடிக்கும் என எண்ணுதல் தவறு. பழைய எஞ்சின்கள் காற்றைக் குறைவாக நெருக்கியவை, பருமட்டான அமைப்புடையவை, ஆதலாற் பொறுத்துக்கொண்டன. இன்றைய டீசல் எஞ்சினில் எரிபொருள் 1,000 வளிமண்டல அமுக்கத்துக்கும் மேலான அமுக்கத்திற் பீச்சப்படுகின்றது. அப்பம்புக்கு மசகெண்ணெயாக உதவுவதும் அந்த டீசலேயாகும். மண்ணெண்ணெய் கலந்தால் மசகு குறைந்து, பம்பு உராய்ந்து, அதன் துகள் பீச்சுமுனைகளையும் கெடுக்கும். லீற்றரிற் சில ரூபா மிச்சம் பிடிக்கப்போய் இலட்சக்கணக்கில் இழக்க நேரிடும்.

புதிய வகை டீசல் எஞ்சின்களுக்குக் கந்தகம் குறைந்த சுப்பர் டீசலே உகந்தது. அதன் விலை ஓட்டோ டீசலிலும் கூடியது. 2022 ஜூன் இறுதியில் அது 520 ரூபாவுக்கு விற்கப்பட்டது. அவ்விலையை வைத்து மேற்கூறிய கணக்கைச் செய்தால், கிலோமீற்றருக்கு 10 ரூபா 42 சதமாக இருந்த மிச்சம் 6 ரூபா 67 சதமாகக் குறைகின்றது. புதிய டீசல் வாகனம் வாங்குபவர் எந்த டீசலின் விலையைக் கணக்கிற் சேர்க்கவேண்டும் என்பதை முதலிற் கேட்டறிதல் வேண்டும்.

டீசலுக்கு நீர் பெரும் பகை. தாங்கி பாதி வெறுமையாக நாட்கணக்கில் நின்றால் உட்காற்றின் ஈரம் நீராகப் படியும். ஆதலால் டீசல் வாகனம் வைத்திருப்பவர் தாங்கியை இயன்றவரை நிரப்பி வைக்கவும், வடிகட்டியின் அடியிற் சேரும் நீரை ஒழுங்காகத் திறந்துவிடவும், வடிகட்டியைக் குறித்த காலத்தில் மாற்றவும் வேண்டும். பெற்றோலும் மாதக்கணக்கிற் கிடந்தாற் கெடும் இயல்பினது. எனவே பெற்றோல் வாகனம் வைத்திருப்பவர் தாங்கியில் தேவைக்கு அதிகமாகத் தேக்கிவைக்காது, வாரமொருமுறையேனும் வாகனத்தை ஓட்டுதல் வேண்டும். செம்மண் புழுதியில் ஓடும் இருவகை வாகனங்களுக்கும் காற்று வடிகட்டியைச் சுத்தமாக வைத்தல் இன்றியமையாதது.

பழைய வாகனம் வாங்குபவர் எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையிலேயே சென்று, தாமே இயக்கிப் பார்க்க. சூடாக்கி வைத்த எஞ்சின் தன் நோயை மறைக்கும். சூடேறிய பின்னரும் நீலப்புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகின்றது. பாரமின்றி ஓடும்போதே கரும்புகை கக்கினாற் பீச்சுமுனை, பம்பு அல்லது காற்று வடிகட்டியிற் குறையுண்டு. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனைச் சான்று வேண்டியிருத்தலின், விலை பேசுமுன் அப்பரிசோதனையைச் செய்வித்தல் நன்று. இது பணத்தை மாத்திரம் பற்றியதன்று. டீசற் புகை புற்றுநோயை விளைவிப்பது என 2012ஆம் ஆண்டில் உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் வகைப்படுத்தியுள்ளது. கரும்புகை கக்கும் வாகனத்தின் பின்னே மரக்கறி ஏற்றி இறக்குபவர் பெரும்பாலும் நமது வீட்டாரே.

கூட்டாக வாங்குதல்

மேற்கூறியவற்றால் டீசல் வாகனம் சிறு கமக்காரருக்கு எட்டாத பொருள் என்று முடிவு செய்யலாகாது. ஒருவருக்கு நட்டமாவது பலருக்கு இலாபமாகலாம். ஒரே சந்தைக்குத் தனித்தனியே அரைப்பாரத்துடன் ஓடும் எட்டுப் பத்துப் பேர் ஒன்றுகூடி ஒரு டீசல் லொறியை வைத்திருந்தால், அது நாள்தோறும் நிறைபாரத்துடன் ஓடும். உள்ளூர்ச் சந்தையுடன் நில்லாது, விலை கூடிய தூரத்துச் சந்தையையும் நாடலாம். அப்போது டீசல் எஞ்சினுக்குரிய தூரமும் பாரமும் இயல்பாகவே கிடைக்கும். நமது பகுதிகளிற் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. கமக்காரர் அமைப்புகளும் ஊர்கள்தோறும் உள்ளன. யார் எந்நாளில் ஏற்றுவது, சாரதிக்கு யார் கூலி கொடுப்பது, திருத்தச் செலவை எவ்வாறு பங்கிடுவது என்பவற்றை வாகனம் வாங்குமுன்னரே எழுதி ஒப்பமிட்டுக்கொண்டால் பின்னர் பிணக்கு நேராது. கூட்டு வாகனங்கள் கெடுவது எஞ்சினாலன்று, கணக்கெழுதாமையாலேயே.

எனவே நமது கருத்து இதுவாகும். தனியொரு சிறு கமக்காரருக்கு நல்ல நிலையிலுள்ள சிறு பெற்றோல் வாகனம். கூட்டாக இயங்குவோருக்கும், மலைப்பாதையிற் பாரமேற்றுவோருக்கும், தூரத்துச் சந்தையை நாடுவோருக்கும் டீசல் வாகனம். மின்கலத்தில் ஓடும் சிறு வாகனங்கள் பெருகும் நாளிலும் இதே வினாவையே கேட்டல் வேண்டும்: கூடுதலாகக் கட்டும் விலைக்குரிய வட்டியை, நமது ஓட்டம் மிச்சப்படுத்தித் தருமா?

கமக்காரரே, வாகனம் வாங்க முற்பணம் கொடுக்குமுன் ஒரு சிறு கொப்பியை எடுத்து, ஒரு போகம் முழுவதும் மூன்று விடயங்களைக் குறித்து வருக: எத்தனை முறை சந்தைக்குச் சென்றீர், எவ்வளவு தூரம் சென்றீர், எத்தனை கிலோகிராம் கொண்டுசென்றீர். அவ்வோட்டங்களுக்கு நீர் கொடுத்த வாடகையையும் பக்கத்தில் எழுதுக. போக முடிவில் அவற்றைக் கூட்டிப் பார்த்தால், எந்த எஞ்சினை வாங்குவது என்பது தெளிவாகும். சிலருக்கு வாகனமே வாங்காது வாடகை வண்டியை அமர்த்துவதே இலாபம் என்பதும் தெளிவாகலாம். அதுவும் நல்ல முடிவே. கடன்பட்டு வாங்கிய எஞ்சின் கொட்டிலில் நிற்க, அதன் தவணைப்பணத்துக்காகக் காய் முற்றுமுன்னே தோட்டத்தை விலைபேசும் நிலை எந்தக் கமக்காரருக்கும் வரலாகாது.